வலிக்குத கால்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அம்மாவுக்கு முட்டு வலித்தது.
2. அப்பா ஒரு தைலம் வாங்கி வந்தார். வலி போகவில்லை. இன்னொரு தைலம் வாங்கி வந்தார்.
3. அடையாறில் ஓர் எலும்பு டாக்டரிடம் போனோம். அவர் காலைப் பார்க்கவில்லை. காலின் படத்தைப் பார்க்க விரும்பினார்.
4. படம் எடுத்தோம். முட்டிச் சில்லுக்குப் பின்னால் குருத்தெலும்பு தேய்ந்திருந்தது.
5. அந்தப் படத்தை டாக்டர், நான், அப்பா, பெரியப்பா, பெரியப்பா மகன், எதிர் வீட்டு மாமி ஆகியோர் பார்த்தோம். வீடு திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரரும் பார்த்தார். எல்லோருக்கும் புரிந்தது.
6. அம்மா இனிமேல் கடைக்குப் போக வேண்டாம் என்று முடிவானது. முடிவெடுத்தவர்களில் அம்மா இல்லை.
7. படத்தில் ஒரு தவறும் இல்லை. அது வேறு காலின் படம்.

ஆறாவதைத் தவிர மற்றவற்றைச் சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். ஆறாவது அப்படியல்ல. தி.நகரில், ரங்கநாதன் தெருவின் கூட்டம் பிதுங்கி வழிகிற ஒரு சந்தில் எங்களுக்கு எவர்சில்வர் பாத்திரக்கடை இருக்கிறது. அப்பா கல்லாவில் உட்கார்ந்திருப்பார். கடையை நடத்துவது அம்மா. கல்யாணச் சீர் வாங்க ஒரு குடும்பம் உள்ளே நுழைந்தால், பெண்ணின் தாய் யார், பணத்தை எடுக்கப் போகிறவர் யார், எதைக் காட்டினாலும் குறை சொல்லப் போகிற அத்தை யார் என்று அம்மா ஒரே பார்வையில் பிரித்துவிடுவாள். முதல் டம்ளரை அந்த அத்தையின் கையில்தான் கொடுப்பாள். பெரிய அண்டாக்களும் குத்துவிளக்குகளும் மேலே பரணில் இருக்கும். பரணுக்குச் செங்குத்தான இரும்புப் படி. அதில் நாளெல்லாம் ஏறி இறங்குவது அம்மா மட்டும்தான், ஏனென்றால் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அந்த இடத்தில் யார் நிற்பது என்ற கேள்விக்குப் பெரியப்பா எப்போதோ பதில் தயாரித்து வைத்திருந்தார். பெரியப்பாவுக்கு நகைக்கடை, நங்கநல்லூரில் சொந்த வீடு, வேலைக்குப் போகாத ஒரு மகன். முதல் இரண்டும் அவருக்குப் பெருமை. மூன்றாவதற்கு எங்கள் கடையில் ஒரு ஸ்டூல் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று பல தீபாவளிகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கிடைக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், அந்த ஸ்டூலில் அம்மா இருந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தரமணியில் ஒரு நிறுவனத்தில் வேலை. எம்.ஆர்.ஐ. படங்களில் முட்டிச் சில்லின் குருத்தெலும்பைத் தனியே பிரித்து, அதன் கனத்தை அளந்து, வண்ணம் பூசுகிற மென்பொருளை எழுதும் குழுவில் இருக்கிறேன். நல்ல கனம் என்றால் பச்சை. குறைந்தால் மஞ்சள். எலும்பு தெரிய ஆரம்பித்தால் சிவப்பு. நாள் முழுக்க யார் யாருடைய முட்டிகளையோ பார்க்கிறேன். அவற்றுக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. எந்த முட்டியும் என்னிடம் இதுவரை எதையும் கேட்டதில்லை. இந்தத் தகுதியால் வீட்டில் நான் பாதி டாக்டர். மீதிப் பாதி கூகிள்.

அடையாறு டாக்டரின் அறையில் ஏசி பலமாக இருந்தது. அம்மா உட்கார்ந்தாள். சேலையை முழங்கால் வரை தூக்க வேண்டியிருக்குமோ, தூக்கினால் நான் எழுந்து கதவைச் சாத்துவேனா என்று அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் சீட்டு எழுதி முடித்துவிட்டார்.

"எம்.ஆர்.ஐ. பாத்துடலாம்மா. பாக்காம எதுவும் பேச முடியாது."

"கால் பாக்க வேண்டாமா, டாக்டர்?"

"அதான் எம்.ஆர்.ஐ.ல பாக்கப் போறமே."

சீட்டில் முட்டி என்று இருந்தது. எந்த முட்டி என்று இல்லை. மனிதருக்கு இரண்டு முட்டிகள் உண்டு என்பது அவருடைய படிப்பில் முதல் வருடமே வந்திருக்கும். அதற்குப் பிறகு வந்த பாடங்கள் அதை மறக்கடித்திருக்கலாம்.

ஸ்கேன் மையத்துக்கு அம்மாவை ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். வாசலில் இறக்கிவிட்டு, வண்டி நிறுத்த இடம் தேடி நான் இரண்டு தெரு சுற்றி வருவதற்குள் அம்மா கவுண்டரில் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். அங்கே என்ன பேச்சு நடந்தது என்பது பிறகுதான் தெரிய வந்தது. அப்போது அம்மாவின் கவலை வேறு. முந்தின நாளே மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டித் தயாராக வைத்திருந்தாள்.

உள்ளே அழைத்துப்போக வந்த பெண், சுற்று வட்டாரத்துக்கே கேட்கும் குரலில் பேசினாள்.

"இன்னாமா, ஒடம்புல இரும்பு கிரும்பு எதுனா கீதா? வளையல், கம்மல், மெட்டி, எல்லாத்தையும் கழட்டிடு."

"தாலி?"

"அதாம்மா மொதல்ல."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, தங்கத்தையும் இழுக்குமா அது?"

"இழுக்காதும்மா. ஆனா கழட்டணும்."

"இழுக்காதுன்னா எதுக்குக் கழட்டணும்?"

என்னிடம் இதற்குச் சரியான பதில் இருந்தது. காந்தப்புலம், மின்தூண்டல், சூடு. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு பெண்ணிடம் மின்தூண்டல் பற்றிப் பேசுவது எப்படி என்று என் படிப்பில் வரவில்லை. அம்மா மஞ்சள் கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தாலிச் சங்கிலியைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து என் கையில் வைத்தாள். மெட்டிகள் எளிதில் வரவில்லை. குழாயடியில் சோப்பு போட்டு இழுத்தோம்.

"ஆடாம படுத்துக்கினு இரு, சத்தம் வரும், பயந்துக்காத," என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் அம்மாவை உள்ளே கூட்டிப்போனாள்.

அம்மா வெளியே வந்ததும் கேட்டேன். "எப்படிம்மா இருந்துது?"

"தாலிய எங்க?" என்றாள்.

அறிக்கை கைப்பேசிக்கே வந்துவிட்டது. வலது முட்டி. சில்லின் பின்பக்கக் குருத்தெலும்பில் மூன்றாம் கிரேடு சேதம். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், குருத்தெலும்பு தெரியாது. எம்.ஆர்.ஐ.யில்தான் அது தெரியும். கண்ணாடிக்கு மேல் ஒட்டின வழவழப்பான தாள் போல, சில்லின் பின்னால் ஒரு பூச்சு. முட்டியை மடக்கி நீட்டும்போது சில்லு வழுக்கிப் போவதற்காக இருக்கிறது. அது மென்மையானால் முதல் கிரேடு, பாதிக்குக் கீழே அரித்தால் இரண்டு, பாதிக்கு மேல் என்றால் மூன்று, எலும்பே தெரிந்தால் நான்கு. படத்தை என் மடிக்கணினியில் ஏற்றி வண்ணம் பூசினேன். பச்சைக்கு நடுவே கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு சிவப்பு. என் மென்பொருள் இவ்வளவு தெளிவாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

டாக்டரும் சந்தோஷப்பட்டார். திரையைப் பேனாவால் தட்டினார்.

"இதோ, இதான் காரணம். படி ஏறும்போது முட்டிக்குள்ள நறநறன்னு சத்தம் கேக்குமேம்மா?"

"கேக்கும் டாக்டர். ரொம்ப நாளாவே."

"வலி இருக்கா?"

"இருக்கு. இறங்கும்போது உசுரு போவுது."

இரண்டு பதில்களும் சத்தியம். ஒன்று ஒரு காலைப் பற்றியது, மற்றது இன்னொரு காலைப் பற்றியது. இதை அறையில் இருந்த மூன்று பேரில் அம்மா மட்டுமே அறிந்திருந்தாள். அவளிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

படி ஏறக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, குந்தி உட்காரக் கூடாது என்றார் டாக்டர். சின்னதாக இரண்டு துளை போட்டு உள்ளே சுத்தம் செய்துவிடலாம், தேதி வைக்க அடுத்த முறை வாருங்கள் என்றும் சொன்னார். வீடு கூட்டுவதைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தார். ஆஞ்சநேயர் கோயில் வடையோடு வந்தால் அவருக்கு ஏதோ நடக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். மகனும் கூட வந்திருந்தான். மயிலாப்பூரில் எங்கள் வீட்டுப் பால்கனிக்கு வெளிச்சம் நன்றாக வரும். பெரியப்பா பிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"எங்கம்மா தேஞ்சிருக்கு, காட்டு."

நான் பிலிமைத் திருப்பாமலே காட்டினேன். திருப்பச் சொன்னால் அவர் வருத்தப்படுவார்.

"ஆமா ஆமா, நல்லாத் தெரியுது," என்றார். அவர் விரல் தொடை எலும்பின் மேல் இருந்தது. "சேதாரம். வேற ஒண்ணுமில்ல. நகைன்னா செய்கூலி, சேதாரம் இருக்கத்தான் செய்யும். இத்தன வருசம் அந்தப் படியில ஏறி எறங்குனா சேதாரம் வராம என்ன வரும்?"

அப்பா அறிக்கையை எட்டிப் பார்த்தார். "மூணாம் கிரேடுன்னு போட்டிருக்கே. அப்ப பரவால்லதான?"

"எப்படிப்பா?"

"எவர்சில்வர்ல முன்னூத்தி நாலு கிரேடுன்னா துருவே புடிக்காது. இருநூத்தி ரெண்டுன்னாதான் மட்டம். நம்பர் ஏற ஏற ஒசத்தி."

"அப்பா, இது குடம் இல்ல. இதுல நம்பர் ஏற ஏற மோசம்."

"அப்பறம் எதுக்கு அதுக்குக் கிரேடுன்னு பேரு வச்சானுவ?" என்று அப்பா உண்மையிலேயே கோபப்பட்டார். அவருடைய வாழ்நாளில் கிரேடு என்ற சொல் அவரை ஏமாற்றியது அதுதான் முதல் தடவை.

பேச்சுச் சத்தம் கேட்டு எதிர் வீட்டு மாமி வந்தாள். பிலிமை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்காத்து மாமாவுக்கும் இதே தேய்மானம்தான். ரெண்டு முட்டியையும் மாத்திண்டுட்டார்," என்றாள்.

"இப்ப நடக்கறாரா, மாமி?"

"எங்கேர்ந்து? ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் போயிண்டிருக்கார். ஆனா எக்ஸ்ரேல பாக்கணுமே, அவ்வளவு அழகா உக்காந்திருக்கு!"

நான் மடிக்கணினியைத் திறந்து கடலைப்பருப்புச் சிவப்பைக் காட்டினேன். எல்லோரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். ஒரு வண்ணப்படத்துக்கு இருக்கிற மரியாதை ஒரு நொண்டலுக்கு இல்லை. அதன் பிறகு பெரியப்பா சொல்ல வேண்டியது அதிகமில்லை.

"ஏம்மா, நீ இனிமே சிரமப்பட வேண்டாம். வீட்டோட இரு. கடைய இவன் பாத்துக்கிடுவான்."

"ஆமா சித்தி, நீங்க ரெஸ்ட் எடுங்க," என்றான் அவர் மகன். அவன் வாயில் வடை இருந்தது.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பிலிமைப் பார்த்தார்.

"படத்துலயே இருக்குல்லா," என்றார்.

அம்மா வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது டாக்டரின் சொல். உண்மையில் சமையலறைப் பாத்திரங்களை எல்லாம் இறக்கி, அளவு வாரியாக அடுக்கி, பிறகு உபயோக வாரியாக அடுக்கி, அதுவும் பிடிக்காமல் மறுபடி இறக்கினாள். எங்கள் வீட்டில் வாங்க யாரும் வரவில்லை. காலையில் அப்பா கிளம்பும்போது, தெருக்கோடி வீட்டுக்காரர்கள் சொல்லிவைத்த குத்துவிளக்கு பரணில் எந்த மூலையில் இருக்கிறது என்று வாசல் வரை வந்து சொல்வாள். அப்பா தலையாட்டிவிட்டுப் போவார். மாலையில் விளக்கு கிடைக்கவில்லை என்பார்.

கடையில் இருந்து செய்திகள் வந்தன. பெரியப்பா மகன் பரண் ஏறுவதில்லை. தூசி ஒத்துக்கொள்ளாது. கைக்கு எட்டும் தட்டில் இருக்கிற பரிசுப் பெட்டிகளை மட்டும் விற்றான். ஒரு கல்யாணச் சீருக்கு அண்டாவில் பேர் வெட்டித் தர வேண்டியிருந்தது. பெண் வீட்டுக்காரர்கள் கொடுக்கிற சீரில் பெண்ணின் பெயரைத்தான் வெட்டுவார்கள். அவன் மாப்பிள்ளை பெயரைப் பெரிதாக வெட்டி, பெண்ணின் பெயரைக் கீழே ஓரமாகச் சின்னதாக வெட்டிக் கொடுத்துவிட்டான். பெண்ணின் அம்மா அண்டாவைக் கடை நடுவில் நங்கென்று வைத்துவிட்டு, "எம்பொண்ணு இந்தச் சட்டியில வெந்து போறதுக்கா பேர் வெட்டச் சொன்னேன்?" என்று கேட்டாளாம். அப்பா இதை இரவுச் சாப்பாட்டின்போது மெல்லச் சொன்னார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள். ரசம் இலக்கு தவறி மேசையில் விழுந்தது.

துளை போடுவதற்குத் தேதி வைக்கப் போன நாளில் டாக்டர் முதன்முறையாக அம்மாவைப் படுக்கச் சொன்னார். எங்கே துளை போடுவோம் என்று காட்டுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை என்றார். அம்மா இம்முறை என்னைப் பார்க்காமலே சேலையை முழங்கால் வரை ஏற்றினாள். டாக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, வலது சில்லுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி வைத்தார்.

அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"எதுக்கு டாக்டர் அதுல எழுதுதிய?"

"இங்கதாம்மா சின்னதா துளை போடப் போறோம்."

"அது சும்மா இருக்க காலுல்லா?"

டாக்டர் புள்ளிகளைப் பார்த்தார். சில்லை அழுத்தினார். "இங்க வலிக்குதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல டாக்டர்."

இன்னும் பலமாக அழுத்தினார். வலித்தே தீர வேண்டும் என்று அவர் நினைத்தது போலிருந்தது. "இப்ப?"

"நீங்க அழுத்துதது வலிக்கு," என்றாள் அம்மா. "முட்டு வலிக்கல. எனக்கு வலிக்குத காலு இது." இடது முழங்காலைக் கையால் மூடிக்கொண்டாள், அதிலும் எழுதிவிடுவாரோ என்று.

டாக்டர் அறிக்கையை எடுத்தார். நான் கைப்பேசியை எடுத்தேன். இருவரும் ஒரே சொல்லைத்தான் பார்த்தோம். வலது. முதல் நாளிலிருந்தே அங்கேதான் இருந்தது.

"ஸ்கேன் வலது கால்ல எடுத்திருக்காங்களேம்மா. படுக்க வச்சப்ப நீங்க சொல்லலையா?"

"தாலியக் கழத்தின பொறவு எந்தக் காலு எந்தக் கைன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் அம்மா. "அதோட, அவ்வளவு பெரிய குழாய். அது ஒரு காலத்தான் பாக்கும்னு நான் என்னத்தக் கண்டேன்?"

டாக்டர் கைக்குட்டையால் பேனாப் புள்ளிகளைத் துடைக்கப் பார்த்தார். அவை போகவில்லை. மெட்டிக்குச் சோப்பு போட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

அங்கிருந்து நேரே ஸ்கேன் மையத்துக்குப் போனோம். கவுண்டரில், அன்று அம்மாவிடம் விவரம் கேட்டு எழுதிய பெண் இருந்தாள். மரியாதையாகப் பேசினாள், கணினியைத் தட்டிப் பார்த்தாள், தன் பக்கம் தவறில்லை என்றாள்.

"சீட்டுல சைடு போடல மேடம். அதனால அம்மாகிட்டயே கேட்டேன். அவங்கதான் வலதுன்னு சொன்னாங்க."

"நான் எங்க வலதுன்னேன்?" என்றாள் அம்மா. "எந்தக் காலும்மான்னு நீ கேட்ட. வலிக்குத காலுன்னு சொன்னேன்."

"அதான், வலது கால்."

"வலிக்குத காலு!"

"ஆமாம்மா, வலதுதானேன்னு நான் திருப்பிக் கேட்டேன்ல? ஆமா, அதேதான்னீங்க."

"வலிக்குததுதானன்னுல்லா என் காதுல விழுந்துது!"

நான் நடுவில் நின்றேன். எங்கள் ஊர்ப் பேச்சில் வலிக்கிற கால் என்பது வலிக்குத கால். அம்மா சென்னைக்கு வந்து என் வயதைவிட அதிக காலம் ஆகிறது. எலுமிச்சை விலையிலிருந்து ஆட்டோ பேரம் வரை எல்லாவற்றையும் இந்த ஊர்த் தமிழில் பேசக் கற்றுக்கொண்டாள். வலி என்று வரும்போது மட்டும் திருநெல்வேலி வந்துவிடும். கவுண்டரில் இருந்த பெண்ணுக்குக் கண்ணாடித் தடுப்பின் சின்னத் துளை வழியாக அது வலது என்று கேட்டது. இருவரும் கேட்டு, உறுதிப்படுத்தி, சம்மதித்துச் செய்த தவறு. இதைவிட முறையாக ஒரு தவறைச் செய்ய முடியாது.

என் மென்பொருளிலும் இந்தக் கேள்வி கிடையாது. வலது, இடது என்று இரண்டு பொத்தான் வைத்திருக்கிறோம். வலிக்கிறது என்று ஒரு பொத்தான் வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். ஒரே வீட்டில் இருக்கிறேன். அம்மா நொண்டுகிறாள் என்று தெரியும். எந்தப் பக்கம் என்று யாராவது கேட்டிருந்தால் அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்போம்.

இடது காலுக்கு அங்கேயே படம் எடுத்தார்கள். மறுபடி மஞ்சள் கயிறு, மறுபடி சோப்பு. இந்த முறை உள்ளே போவதற்கு முன் அம்மா இடது காலைத் தட்டிக் காட்டி, "இது. இந்தக் காலு. பீச்சாங்காலு," என்று மூன்று விதமாகச் சொன்னாள்.

"புரிஞ்சிது, வாம்மா, ஊருக்கே புரிஞ்சிது," என்றாள் உள்ளே அழைத்துப்போகிறவள்.

இடது முட்டியின் படம் வந்தது. குருத்தெலும்பு முழுக் கனத்தோடு இருந்தது. என் மென்பொருள் ஓரம் முதல் ஓரம் வரை பச்சை பூசியது. இப்படி ஒரு முட்டி அலுவலகத்துக்கு வந்தால், குறையில்லாதவற்றைப் போட்டு வைக்கும் இடத்தில் போட்டுவிட்டு மறந்துவிடுவோம். அதாவது, தேய்ந்த கால் வலிக்கவில்லை. வலிக்கிற கால் தேயவில்லை. இப்படி நடப்பதுண்டு என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. படிக்கும்போது அந்தப் பத்தியைத் தேர்வுக்கு வராது என்று தாண்டிப் போயிருப்போம்.

டாக்டர் இடது படத்தைச் சீக்கிரம் பார்த்து முடித்தார். "இதுல ஒண்ணுமே இல்லம்மா. தொடைக்கு எக்ஸர்சைஸ் பண்ணுங்க, சரியாயிடும்." பிறகு வலது படத்தைக் கொஞ்சம் ஏக்கத்தோடு பார்த்தார். "இத வேணா பண்ணிடலாமா?"

"அது வலிக்கலையே, டாக்டர்."

"இனிமே வலிக்கலாம்."

"வலிச்சா வாறேன்," என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிறு பெரியப்பா மறுபடி வடையோடு வந்தார். செய்தி நங்கநல்லூருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. இடது பிலிமைப் பால்கனி வெளிச்சத்தில் பிடித்தார். இந்த முறை நேராகப் பிடித்திருந்தார், தற்செயலாகத்தான்.

"எங்கம்மா தேஞ்சிருக்கு?"

"எங்கேயும் தேயல, பெரியப்பா."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட."

பிலிமைக் கீழே வைத்தார். "அப்ப இத்தன நாளா வலி வலின்னது?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார், சமையலறை வரை கேட்கும்படி. "படத்துலயே இல்லையேப்பா. இந்தப் பொம்பளையளுக்கு மனசுல ஒண்ணு வந்துட்டா காலுல வந்துரும். காலு சுத்தமா இருக்கு. பத்தரமாத்து!"

ஒரு படம் அம்மாவின் இடத்தை எடுத்துக்கொண்டது. இன்னொரு படம் அவளுடைய வலியையும் எடுத்துக்கொண்டது. இரண்டு முட்டிகளையும் பார்த்தாகிவிட்டது. மூன்றாவது முட்டி இருந்திருந்தால் அதில் என்ன கண்டுபிடித்திருப்பார்களோ. நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் அம்மா காப்பித் தட்டோடு வந்தாள். இடது காலைத் தாங்கித் தாங்கித்தான் நடந்தாள். பார்க்க விரும்பிய யாரும் பார்த்திருக்கலாம். பெரியப்பா முன் டம்ளரை வைத்தாள்.

"காலு சுத்தமா இருக்குன்னு நீங்களே சொல்லிட்டிய, அத்தான். பெறவு நான் வீட்டுல உக்காந்து என்ன செய்ய? நாளைக்குக் கடைக்கு வாறேன்."

பெரியப்பா டம்ளரைத் தொடவில்லை. "இல்லம்மா, அந்த வலது காலு..."

"அது வலிக்கலையே."

"படத்துல இருக்குல்லா?"

"வலது படத்த நம்புதியளா?"

"நம்பாம?"

"இடது படத்தையும் நம்புதியளா?"

"ரெண்டும் ஒரே மிசின்தான."

"அப்ப சரி. ஒரு காலுல வலி இல்ல. இன்னொரு காலுல சேதாரம் இல்ல. இதுல எந்தக் காலுக்காக நான் வீட்டுல உக்காரணும், நீங்களே சொல்லுங்க அத்தான்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்ற முயன்று, பாதியில் விட்டுவிட்டார். பெரியப்பா மகன் கைப்பேசியில் எதையோ தேடினான்.

"வடை எடுத்துக்கிடுங்க, ஆறிப் போவுது," என்றாள் அம்மா.

மறுநாள் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். அம்மா வழக்கம்போல வலது காலை எடுத்து வைத்துக் கடைக்குள் நுழைந்தாள். பெரியப்பா மகன் அதுவரை உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் துணியால் துடைத்தாள். பரிசுப் பெட்டிகளைத் தள்ளி வைத்தாள். முதல் வேலையாகப் பரண் ஏறினாள், அந்தக் குத்துவிளக்கை எடுக்க.

நான் படிக்குக் கீழே நின்று, வேலையில் பார்ப்பது போல, அவள் காலைப் பார்த்தேன். ஏறும்போது ஒவ்வொரு படியிலும் வலது கால் முன்னால் போனது. உடம்பை அது தூக்கியது, இடது கால் பின்னால் வந்து சேர்ந்தது. இறங்கும்போதும் அப்படியே. ஒவ்வொரு படியிலும் வலது கால்தான் முதலில் இறங்கியது. அது கீழ்ப்படியைத் தொடும் வரை, உடம்பும் குத்துவிளக்கும் சேர்ந்த பாரம் முழுவதும் மடங்கிய இடது முட்டியில் நின்றது.

"அம்மா, இறங்கும்போது ஏன் வலது காலையே முதல்ல வைக்கிற?"

"பெறவு? பீச்சாங்காலையா வைப்பேன்? லச்சுமி இருக்க எடம்."

இத்தனை வருடம் ஒரு கால் ஏற்றியிருக்கிறது, மறு கால் இறக்கியிருக்கிறது. அதனால்தான் ஒன்று தேய்ந்தது, மற்றது வலிக்கிறது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். இது என் ஊகம். ஆனால் இதுவரை சொல்லப்பட்ட காரணங்களில் அம்மாவின் காலைப் பார்த்துச் சொல்லப்பட்டது இது ஒன்றுதான்.

"இடது காலை முதல்ல வச்சு இறங்கிப் பாரும்மா."

"மாட்டேன்."

"உள்ள நுழையும்போதுதான வலது கால் வைக்கணும்? பரணை விட்டு இறங்கினா அது நுழையறதா, வெளிய போறதா?"

அம்மா குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டு படி நடுவில் யோசித்தாள். கீழே ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார். அவரும் யோசித்தது போலத்தான் தெரிந்தது.

"வெளிய போறதுதான்," என்றாள் கடைசியில். "ஆனா காலையில மொத தடவ மட்டும் வலதுதான். அதுக்கு மேல எதையும் கேக்காத."

இப்போதைய நிலவரம் இது. அம்மா தினமும் கடைக்குப் போகிறாள். காலையில் முதல் முறை வலது கால், அதன் பிறகு மாற்றி மாற்றி. பரண் படிக்கு அப்பா ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார். முன்னூற்று நாலு கிரேடு. தொடைப் பயிற்சியை அம்மா செய்கிறாள், நான் பார்த்துக்கொண்டிருந்தால். பெரியப்பா மகனுக்கு வேறு இடம் தேடுகிறார்கள். வலது முட்டியில் மூன்றாம் கிரேடு சேதம் இருக்கிறது, வலி இல்லை. இடது முட்டியில் சேதம் இல்லை, வலி இருக்கிறது, முன்பைவிடக் குறைவு.